திருகோணமலைக்கு நியமனம் கிடைத்து வரும் இளம் டொக்டர்மாருக்கு: மேரி வோக்கரைப் பற்றி ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கச்சிமாரே,

நியமனக் கடிதத்தில் திருகோணமலை என்று பார்த்ததும் உங்களில் சிலருக்கு முகம் வாடியிருக்கும். வீடு தூரம், கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர், நினைத்த பரிசோதனையை நினைத்த நேரத்தில் எழுத முடியாது, மேற்படிப்புக்குப் படிக்க ஆறுதலான இடமில்லை. மூதூர், கிண்ணியா, புல்மோட்டை என்று இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். வந்து இறங்கிய கிழமையே இடமாற்றத்துக்கு எப்போது எழுதலாம் என்று விசாரிக்கிறீர்கள். அதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, என் பிள்ளை டொக்டராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் இங்கே இருக்கும் அந்த இரண்டு மூன்று வருடத்தில் உங்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு பெண்ணின் கதை என்னிடம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் 24 வருடம் இந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள். வைத்தியம் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் வருத்தத்தால் தேடித் தேடி வாசித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் அம்மா. பின்னேரங்களில் இடியப்பம் அவித்து உப்புவெளிப் பக்கம் இரண்டு கடைகளுக்குக் கொடுப்பார், அப்பா போன பிறகு எங்களை வளர்த்தது அந்த இடியப்ப உரல்தான். 2016 கடைசியில் அம்மாவுக்கு 61 வயது. முதல் இருபது தட்டு ஒரு குறையும் இல்லாமல் பிழிவார், அதற்குப் பிறகு உரலை அமத்த ஏலாமல் கை விட்டுவிடும். அரை மணித்தியாலம் கதிரையில் சும்மா இருந்தால் திரும்பவும் ஒரு ஐந்தாறு தட்டுக்குக் கை வரும், அப்புறம் மறுபடியும் போய்விடும். வயது போய்விட்டது என்று நினைத்தோம். பிறகு வலது கண் இமை பின்னேரம் ஆனால் கீழே இறங்க ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலில் பூசை நேரம் என் கையைப் பிடித்து, "பிள்ளை, ஐயர் ரெண்டு தட்டோ வைச்சிருக்கிறார்?" என்று கேட்டார். கற்பூரம் ஒன்றுதான் எரிந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அலைந்தோம். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிளினிக் என்று எழுதப் போவதில்லை, யாரையும் குற்றம் சொல்ல இந்த மடல் இல்லை. ஒரு இடத்தில் கண்ணாடி கொடுத்தார்கள், இன்னொரு இடத்தில் விற்றமின், மூன்றாவது இடத்தில் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி நித்திரைக்கு ஒரு குளிசை. கவனித்துப் பாருங்கள், எல்லா இடத்திலும் அம்மாவைக் காலையில்தான் பார்த்தார்கள். விடிய எழும்பி, குளித்து, திருநீறு பூசி, நம்பர் துண்டு எடுத்து, வாங்கில் இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்துவிட்டு உள்ளே போகும் அம்மாவுக்கு இரண்டு கண்ணும் வடிவாகத் திறந்திருக்கும். கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் பிடிப்பார். என்ன பிழை கண்டுபிடிக்க முடியும்? அதே அம்மா இரவு சோறு சாப்பிடும்போது பாதிக் கோப்பையில் மெல்ல ஏலாமல் நாடியை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுவார். அதைப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

இன்னொன்றும் நடந்தது, அது மொழியால் வந்தது. அம்மா ஒருநாளும் "களைப்பு" என்று சொன்னதில்லை. "ஏலாமல் போகுது" என்றுதான் சொல்வார். நாங்கள் பிள்ளைகள் அதைக் கொஞ்சம் நாகரிகமாக்கி "அம்மாவுக்கு ஒரே களைப்பு, டொக்டர்" என்று சொன்னோம். களைப்பு என்றால் இங்கே எத்தனையோ அர்த்தம். வேலை செய்த அலுப்பும் களைப்பு, மூச்சு வாங்குவதும் களைப்பு, மனம் விட்டுப்போனாலும் களைப்பு. சிங்களத்தில் படித்த டொக்டருக்கு அது மொழிபெயர்ந்து போகும்போது வெறும் அலுப்பாகிவிடும். ஏலாமை வேறு. பாவிக்கப் பாவிக்கத் தசை விட்டுப்போகிறது, ஓய்வு கொடுத்தால் திரும்பி வருகிறது, அந்த ஒரு வசனத்தில் முழு நோயும் இருந்தது. அம்மா முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் சொன்னார், நாங்கள்தான் மாற்றிச் சொன்னோம்.

கடைசியில் அதைப் பிடித்தவர் உங்களைப் போல ஒரு பிள்ளை. தெற்கிலிருந்து வந்தவர், நியமனம் கிடைத்து நாலு மாதம், இரவு டியூட்டி. அம்மாவுக்குத் தண்ணீர் குடிக்கும்போது மூக்கால் வந்துவிட்டது என்று பதறிப்போய் ஓட்டோ பிடித்து இரவு எட்டரைக்குக் கொண்டு போயிருந்தோம். அந்தத் தங்கச்சிக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். அம்மாவைக் கட்டிலில் இருத்தி, மேலே சுற்றும் மின்விசிறியைக் காட்டி, கண்ணை எடுக்காமல் அதையே பார்க்கச் சொன்னார். தானும் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது செக்கன் இருக்கும், இரண்டு இமையும் மெதுவாக, கடை அடைக்கிற மாதிரி, கீழே வந்தன. பிறகு ஒரு கையுறைக்குள் ஐஸ்கட்டி போட்டு முடிச்சுப் போட்டு வலது இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்திருந்து எடுத்தார். அந்தக் கண் திறந்திருந்தது. மற்றக் கண் மூடியபடியே. தங்கச்சி ஒன்றும் பேசாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

குளிரில் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தி கொஞ்சம் நன்றாகப் போய்ச் சேரும் என்பதுதான் அந்த ஐஸின் இரகசியம் என்று பிறகு வாசித்தேன். கொழும்புக்கு அனுப்பி, நரம்பியல் நிபுணர் பார்த்து, இரத்தப் பரிசோதனையும் வந்தபோது பெயர் தெரிந்தது: மயஸ்தீனியா கிராவிஸ். அம்மா முதல் பிரிடோஸ்டிக்மின் குளிசையைப் போட்டு முக்கால் மணித்தியாலத்தில் ஒரு முழுப் பாணை யாருடைய உதவியும் இல்லாமல் மென்று சாப்பிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து அந்தத் தங்கச்சிக்கு நன்றி சொல்லப் போனபோதுதான் அவர் மேரி வோக்கரின் பெயரைச் சொன்னார். இந்த மருந்துக்கு வழி கண்டுபிடித்தவரும் ஒரு பொம்பிளை டொக்டர்தான், எங்களைப் போல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர் என்று அரைத் தமிழில் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடினேன். தேடினால் முதலில் வருவது அமெரிக்க உள்நாட்டுப் போரில் சத்திரசிகிச்சை செய்த இன்னொரு மேரி வோக்கர், அவரும் பெரிய மனுஷிதான். நான் சொல்பவர் மேரி புரோட்ஃபுட் வோக்கர், ஸ்கொட்லாந்தின் தென்மேற்கு மூலையில் விக்டவுன் என்ற சின்ன ஊரில் 1888-இல் பிறந்தவர்.

எடின்பரோவில் படித்து 1913-இல் டொக்டரானார். முதலாம் உலகப் போரில் மோல்டாவிலும் சலோனிக்காவிலும் படையினருக்கு வைத்தியம் பார்த்தார். போர் முடிந்ததும் லண்டனின் கிறீனிச் பகுதியில் சென்ற் அல்பேஜ் வைத்தியசாலையில் உதவி மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்தார். அது பேர்போன போதனா வைத்தியசாலை இல்லை. போக்கிடம் இல்லாத ஏழைகளை வைத்துப் பார்த்த இல்லத்தின் வைத்தியப் பகுதியாக இருந்து, 1930-இல் லண்டன் மாவட்டச் சபையின் கைக்கு வந்த இடம். பெரிய பெயர் எடுக்க நினைக்கிறவர்கள் அங்கே போகமாட்டார்கள். ஆய்வுகூடம், மாணவர்கள், பேராசிரியர் பட்டம், ஒன்றும் அவருக்கு இல்லை. வார்டு நிறைய நாட்பட்ட நோயாளிகள் இருந்தார்கள், அவர்களைத் தினமும் பார்க்கும் சந்தர்ப்பம் இருந்தது. அவ்வளவுதான்.

மயஸ்தீனியா புதிய நோய் இல்லை. தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் 1672-லேயே ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார், கொஞ்ச நேரம் பேசினால் நாக்கு ஓய்ந்துபோய் மீனைப் போல ஊமையாகிவிடுவாள் என்று. கடற்கரையில் வளர்ந்த எனக்கு அந்த வரியை வாசித்தபோது வயிற்றில் என்னவோ செய்தது. தொலைபேசியில் பெரியம்மாவோடு பத்து நிமிடம் கதைத்தால் அம்மாவின் குரல் மூக்குக்குள் போய், தேய்ந்து, நின்றே போகும், வாய் மட்டும் அசையும். 1672-இலிருந்து இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இந்த நோய்க்காரர்களுக்கு உருப்படியான மருந்து என்று ஒன்று இல்லை. 1930-இல் ஹரியட் எட்ஜ்வர்த் என்ற பெண், தனக்கே இந்த நோய் இருந்தபடியால், எபெட்ரின் என்ற மருந்து கொஞ்சம் உதவுகிறது என்று கண்டு எழுதினார். மற்றபடி பலர் விழுங்க முடியாமலும் மூச்சுவிட முடியாமலும் செத்துப்போனார்கள்.

1934-இல் மேரி வோக்கரின் வார்டில் 56 வயதுப் பெண் ஒருவர் இந்த நோயோடு இருந்தார். டெரெக் டெனி-பிரவுன் என்ற நரம்பியல் நிபுணர் அந்த வைத்தியசாலைக்கு இடையிடையே வந்து போவார், உங்கள் இடங்களுக்கும் அப்படி நிபுணர்கள் கிளினிக் நடத்த வந்து போவார்கள்தானே. அவரிடம் மேரி இந்த நோயைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தென்னமெரிக்காவில் அம்பு முனையில் பூசும் கியூராரே நஞ்சு உடம்பில் ஏறினால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இந்த நோயும் இருக்கிறது என்று அவர் சொன்னார். எத்தனையோ பேர் கேட்டுவிட்டுப் போயிருக்கக்கூடிய பேச்சு அது. மேரி அதைப் பிடித்துக்கொண்டார். கியூராரே நஞ்சுக்கு மாற்று என்ன என்று போய்ப் பார்த்தார். பிசொஸ்டிக்மின். அப்படியென்றால் இதையே இந்த அம்மாவுக்குக் கொடுத்துப் பார்த்தால் என்ன?

பிசொஸ்டிக்மின் வந்த வழியும் சொல்ல வேண்டியது. மேற்கு ஆபிரிக்காவில் கலபார் என்ற இடத்தில் ஒரு அவரை இன வித்து, குற்றவாளியா இல்லையா என்று சோதிக்க அதைத் தின்னக் கொடுப்பார்களாம். அதை எடின்பரோவுக்குக் கொண்டுவந்து, ரொபர்ட் கிறிஸ்டிசன் என்ற பேராசிரியர் 1855-இல் தானே கொஞ்சம் தின்று பார்த்திருக்கிறார். மேரி படித்ததும் அதே எடின்பரோவில்தான். ஆளைக் கொல்லும் வித்து அம்பு நஞ்சுக்கு மாற்றாகி, அது ஒரு ஏழைப் பெண்ணின் இமையைத் தூக்கிவிட்டது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை வகுப்பில் நானே கரும்பலகையில் எத்தனையோ தடவை கீறியிருக்கிறேன், என் அம்மாவின் கண்ணில்தான் அது இருக்கிறது என்று தெரியாமல். நரம்பு முனையிலிருந்து அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் வெளியே வந்து தசையின் வாங்கிகளில் போய் ஒட்டினால்தான் தசை சுருங்கும். வேலை முடிந்ததும் ஒரு நொதியம் அதை உடைத்துவிடும். இந்த நோயில் உடம்பே தன் வாங்கிகளுக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கி அவற்றைக் குறைத்துவிடுகிறது, மேரியின் காலத்தில் இது தெரியாது, 1960-களிலும் 70-களிலும்தான் தெளிவாகியது. வாங்கிகள் குறைந்தபடியால் முதல் சில தடவை சமாளிக்கும் தசை பிறகு கைவிட்டுவிடும். பிசொஸ்டிக்மின் அந்த உடைக்கும் நொதியத்தைத் தடுக்கிறது. இருக்கிற அசற்றைல்கோலின் கொஞ்ச நேரம் கூட நின்று வேலை செய்கிறது. நோய் மாறாது, வாழலாம்.

மேரி அந்தப் பெண்ணுக்கு ஊசி போட்டார். இமை எழும்பியது, கை வலுத்தது, விழுங்க முடிந்தது. சில மணித்தியாலத்தில் பலன் குறைந்து பழைய நிலைக்கு வந்தது, திரும்பப் போட்டால் திரும்ப எழும்பியது. 1934 யூன் மாதம் லான்செற் சஞ்சிகைக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு கடிதம். இதை நன்றாக யோசியுங்கள் பிள்ளைகளே. ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு இல்லை, பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு மனுஷியின் கணக்கு. பெரிய இடங்களில் இருந்தவர்கள் உடனே நம்பவில்லை. சென்ற் அல்பேஜின் அற்புதம் என்று அதற்கு ஒரு பெயரும் வந்தது. அடுத்த வருடம் அவர் அதே வகை மருந்தான நியோஸ்டிக்மின்னைக் கொடுத்துப் பார்த்தார், அது இன்னும் நன்றாக வேலை செய்தது, நோயாளியைக் கூட்டிக்கொண்டு போய் லண்டனில் வைத்தியர்களின் கூட்டத்தில் கண்முன்னே காட்டினார். ஜேர்மனியில் லாசர் ரெமன் என்பவர் 1932-லேயே அந்த மருந்தை ஒரு நோயாளிக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டு எழுதியிருந்தார், ஆனால் அதன் பெறுமதியை அவரும் பிடிக்கவில்லை, வாசித்தவர்களும் பிடிக்கவில்லை. மேரிக்கோ தன் கையில் கிடைத்தது என்னவென்று தெரிந்திருந்தது.

1935-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவருடைய ஆய்வுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. பரம்பரையாக வந்து இடையிடையே கைகாலை விழுத்திவிடும் இன்னொரு நோயில் இரத்தத்தில் பொற்றாசியம் குறைகிறது என்பதைக் கவனித்தவர்களிலும் அவர் ஒருவர். 1938-இல் இன்னொரு விசயம் எழுதினார்: நோயாளியின் கையில் இரத்த ஓட்டத்தை நிறுத்திவைத்து அந்தக் கைக்கு வேலை கொடுத்து, பிறகு கட்டை அவிழ்த்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் இமை விழுகிறது, அப்படியென்றால் என்னவோ ஒன்று இரத்தத்தோடு ஓடிப் போகிறது. அவர் கண்டது இன்று நாம் சொல்லும் பிறபொருளெதிரியைத்தான் என்று நான் சொல்லவரவில்லை, விளக்கம் அவ்வளவு நேரானது இல்லை. ஆனால் வெறும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியையும் இரண்டு கண்களையும் வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது.

பெரிய போதனா வைத்தியசாலை எதுவும் அவரைக் கூப்பிட்டு நிபுணராக வைக்கவில்லை. அப்படிப்பட்ட சாதாரண வைத்தியசாலைகளிலேயே வேலை செய்து 1954-இல் ஓய்வு பெற்றார். 1962-இல்தான் ராயல் கொலிஜ் ஒவ் பிசிசியன்ஸ் ஜீன் ஹண்டர் பரிசைக் கொடுத்தது. கடைசியில் விக்டவுனுக்கே திரும்பிப் போய் 1974-இல் கண்ணை மூடினார். அந்த வருடம் என் அம்மாவுக்கு 19 வயது, தம்பலகாமத்தில் வயல் வரப்பில் ஓடித்திரிந்த காலம்.

சரி, உங்களிடம் நான் கேட்க வருவதற்கு வருகிறேன்.

வாங்கில் இருந்து களைப்பாறிவிட்டு வரும் நோயாளியை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். "எந்த நேரம் கூட?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பின்னேரம் என்று சொன்னால், வார்டில் வைத்துப் பின்னேரம் ஒரு தடவை போய்ப் பாருங்கள், அதற்கு ஸ்கேன் வேண்டாம், கொழும்பு வேண்டாம், மேலே பார்க்கச் சொல்லி ஒரு நிமிடம் பக்கத்தில் நின்றால் போதும். ஐஸ் எங்கள் ஊரில் எந்த மீன் வாடியிலும் கிடைக்கும். ஐஸ் வைத்துக் கண் திறந்தால் அதுவே முடிவு இல்லை என்று எனக்கும் தெரியும், ஆனால் யாரிடம் அனுப்புவது என்று அது சொல்லிவிடும், எங்களுக்கு ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும்.

வந்து போகும் நிபுணரிடம் கேளுங்கள். அவசரத்தில் இருந்தாலும் கேளுங்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள் ஏலாது, சோருது, விறைக்குது, உளையுது என்ற நாலு சொல்லையாவது தாதிமாரிடம் கேட்டுப் பழகுங்கள், நாலும் நாலு வேறு வருத்தம்.

இன்னும் ஒன்று, இது மயஸ்தீனியாக்காரர்களின் உயிர்ப் பிரச்சினை. இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்குச் சலக்கிருமி வந்தபோது ஒரு இடத்தில் சிப்ரோபுளொக்சசின் என்ற கிருமிகொல்லி மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் இரவே தலையைத் தூக்க ஏலாமல் கிடந்தார். அந்த வகை மருந்தும், ஜென்ரமைசின் போன்ற ஊசிகளும், மக்னீசியமும் இவர்களுக்கு ஆபத்து என்று கிளினிக் கொப்பியின் முன்பக்கத்திலேயே சிவப்புப் பேனையால் எழுதியிருந்தது. யாரும் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. நோயாளி நீட்டுகிற கொப்பியைத் தயவுசெய்து முன்பக்கத்திலிருந்து வாசியுங்கள்.

2022-இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அம்மாவின் குளிசைக்காக நான் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், ஒவ்வொரு பாமசியாக ஏறி இறங்கி, ஐம்பது குளிசையோடு திரும்பி வந்திருக்கிறேன். அம்மா நாலை மூன்றாக்கி, மூன்றை இரண்டாக்கி, பேச்சைக் குறைத்து அந்த மாதத்தை ஓட்டினார். அந்த நேரமும் எங்களுக்குப் போன் எடுத்து "குளிசை இருக்கா அக்கா?" என்று கேட்டவர் அந்தத் தங்கச்சி ஒருவர்தான், அப்போது அவர் இடமாற்றம் கிடைத்துப் போய் எத்தனையோ மாதம்.

அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. இடியப்பம் இன்னும் பிழிகிறார், பத்துத் தட்டு, எங்களுக்கு மட்டும். இந்த மடலை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அவர் ஒரு விசயத்தைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னார். புதிதாக வந்திருக்கும் டொக்டர் பிள்ளைகளில் யாராவது இந்த வருத்தத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்திருந்தால், நேரில் பார்க்க ஆசை இருந்தால், தான் வந்து உட்காருவாராம். மின்விசிறியைப் பார்க்கச் சொல்லலாம், ஐஸ் வைக்கலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் சுற்றி நின்று பார்க்கலாம். தேனீரும் இடியப்பமும் நாங்கள் கொண்டு வருவோம். ஆனால் காலையில் கூப்பிட வேண்டாம், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து ஒரு பழைய விஞ்ஞான ரீச்சர்